முதல் மாத்திரை ஈரலுக்கு

போட்டேனா, போடவில்லையா. விழித்ததும் முதலில் வந்தது இந்தக் கேள்விதான். ஜெசிந்தா அல்ல. ஜெசிந்தா இந்நேரம் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள், இல்லையென்றால் டாக்டருக்கு எதிரே ஸ்டூலில், இல்லையென்றால் எல்லாம் கேட்டு முடித்துவிட்டு பஸ்ஸில் ஜன்னலோரம். அவள் மார்பில் இருந்த கட்டிக்குள் ஊசி விட்டு எடுத்தார்களே, அது நல்லதா கெட்டதா என்று இன்றைக்குச் சொல்வதாக இருக்கிறார்கள். அதைக் கேட்கத்தான் போயிருக்கிறாள், தனியாக, புருஷன் நான் இங்கே படுத்துக்கிடக்கிறேன், எனக்கு வந்த முதல் நினைப்பு மாத்திரை. மேசைமேல் சின்ன எவர்சில்வர் தட்டு இருக்கிறது. தினமும் காலையில் அதில் இரண்டு மாத்திரை வைப்பாள், ஒன்று நான் ஐஸ் பாக்டரியிலிருந்து வந்து சாப்பிட்டதும் போட, இன்னொன்று சாயங்காலம் வேலைக்குக் கிளம்பும்போது போட. இப்போது தட்டில் ஒன்று இருக்கிறது. இரண்டில் ஒன்று போனால் ஒன்று, ஆகவே காலை மாத்திரையைப் போட்டிருக்கிறேன், இதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் தண்ணீர் குடித்த ஞாபகம் இல்லை. தொண்டையில் அது இறங்கின ஞாபகம் இல்லை. அதைவிட, நெஞ்சு ஓடிக்கொண்டிருக்கிறது. படுத்திருக்கிற ஆளின் நெஞ்சு இப்படி ஓடக்கூடாது, மாத்திரை உள்ளே இருக்கும்போது ஓடவே கூடாது. தலையணையில் காதை வைத்தால் கேட்கிறது, மறுபக்கம் புரண்டால் அந்தக் காதிலும் கேட்கிறது. ஃபேன் கண்டென்சர் போய் மெதுவாகச் சுற்றுகிறது, ஒவ்வொரு இறக்கையையும் பார்க்கலாம். அது மெதுவாக, நான் வேகமாக. ஜன்னலில் வெளிச்சம் வராமலிருக்க அடித்த நீலத் தார்ப்பாய் ஊதிப் புடைக்கிறது, தளர்கிறது, உப்புக்காற்று, வீடே கடலுக்கடியில் இருக்கிற மாதிரி ஒரு நீலம். மணி என்ன இருக்கும். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு இரைச்சல் அடங்கிவிட்டது, அப்படியென்றால் இரண்டு தாண்டியிருக்கும். இந்நேரம் அவள் வந்திருக்க வேண்டும். கூட்டமாயிருக்கும். போட்டேனா.

காலையிலிருந்து வருவோம். வந்தேன், சைக்கிளைச் சுவரோரம் சாய்த்தேன், சட்டையைக் கழற்றி வெளிக்கொடியில் போட்டேன், அமோனியா நாற்றத்தோடு உள்ளே வரக்கூடாது என்பது அவள் சட்டம். கால் கழுவினேன். அவள் நீலச் சேலை கட்டி, தலை சீவி, வெளியே போகிற முகத்தோடு இடியாப்பம் எடுத்து வைத்தாள். தேங்காய்ப்பால் ஊற்றினாள், கொஞ்சம் அதிகமாகவே, தட்டின் விளிம்பு வரை. “நானும் வரட்டா” என்றேன். “நீங்க வந்து என்ன செய்யப் போறிய. பெஞ்சுல உக்காந்து கொட்டாவி விடுவிய, பக்கத்துல இருக்கவனும் கொட்டாவி விடுவான். தூங்குங்க. ராத்திரி வேலை இருக்கு” என்றாள். நான் சரி என்றேன். சரி என்பதற்கு முன்னால் ஒரு இடைவெளி விட்டேனா, இல்லை உடனே சொன்னேனா. உடனே சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் நான் கை கழுவப் பின்பக்கம் போனேன், வாளியில் தண்ணீர் இல்லை, குழாயைத் திறந்துவிட்டு நின்றேன், அது காற்றாகச் சீறிவிட்டுப் பிறகுதான் வந்தது, திரும்பி உள்ளே வந்தபோது அவள் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். “புது அட்டை வாங்கணும், தட்டுல இருக்கதுதான் கடைசி, வரும்போது வாங்கிட்டு வாரேன்” என்றாள். செருப்பு மாட்டும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் மேசைக்குப் போனேனா, கட்டிலுக்குப் போனேனா. தினமும் செய்கிற காரியத்துக்கு ஞாபகம் கிடையாது, அதுதான் தொல்லை. நேற்று போட்டது ஞாபகம் வருகிறது, இல்லை, அது முந்தாநாள், கையில் ஈரம் இருந்ததால் மாத்திரை உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது, நாக்கால் எடுத்தேன். அது எந்த நாள். எல்லா நாளும் ஒரே தட்டு, ஒரே தம்ளர். நாக்கை மேலண்ணத்தில் தேய்த்துப் பார்க்கிறேன். அந்த மாத்திரை கசக்கும், கொஞ்சம் தாமதித்தால் நாக்கு மரத்துப்போகும். இப்போது ஒன்றும் இல்லை. ஆறேழு மணி நேரம் கழித்து என்ன இருக்கும், தேங்காய்ப்பால்கூட இல்லை.

போன மழைக்காலத்துக்கு முன்னால் இந்த மாத்திரை கிடையாது. ஐஸ் தொட்டிக்கு மேலே போட்டிருக்கும் பலகையில் நடந்துகொண்டிருந்தேன், இருபத்தைந்து வருடமாக நடக்கிற பலகை, கீழே உப்புத்தண்ணீரில் வரிசை வரிசையாக ஐஸ் உறைகிற கேன்கள், திடீரென்று நெஞ்சுக்குள் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி, இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம், அப்புறம் கண்டபடி. உட்கார்ந்துவிட்டேன். கூட வேலை பார்க்கிற சுடலைக்கண் வந்து “என்னவே கஸ்பார், பலகையில பாய் விரிச்சுட்டீரு” என்றான், என் முகத்தைப் பார்த்ததும் அவன் முகம் மாறிவிட்டது. டாக்டர் கம்பியெல்லாம் ஒட்டிப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் பயமில்லை, நெஞ்சு அவசரப்படுகிறது, அதைக் கொஞ்சம் நிதானப்படுத்துவோம் என்று சீட்டில் ஒன்று, பூஜ்யம், ஒன்று என்று எழுதினார். காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. நீங்களாக நிறுத்தக் கூடாது, திடீரென்று நிறுத்தினால் கட்டி வைத்த நாயை அவிழ்த்துவிட்ட மாதிரி என்று கையை விரித்துக் காட்டினார். எனக்கு அந்த இடத்தில் ஒரு சந்தேகம், கேட்கவில்லை. ராத்திரி வேலைக்காரனுக்குக் காலை எது. ஊர் விழிக்கும்போது நான் படுக்கிறேன், ஊர் விளக்கு வைக்கும்போது எனக்கு விடிகிறது. கடைசியில் நானே ஒரு முடிவுக்கு வந்தேன், வந்ததும் ஒன்று, கிளம்பும்போது ஒன்று. ஆனால் வார லீவு அன்றைக்கு நானும் ஊரைப்போல ராத்திரியில் தூங்குவேன், அன்றைக்கு வருவது ஏது, கிளம்புவது ஏது, ஒரு மாத்திரைக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் ஒரு பெரிய பள்ளம் விழுந்துவிடும், மறுநாள் வேலைக்குப் போகும்போது படியேறினால் காதுக்குள் நெஞ்சு கேட்கும். மருந்துக்கடை செல்வரதிதான் இதைக் கேட்டுவிட்டு ஒரு பாடு சிரித்தாள். “அண்ணே, மாத்திரைக்கு சூரியன் தெரியாது, இடைவெளிதான் தெரியும். இத்தனை மணி நேரத்துக்கு ஒண்ணுன்னு வச்சுக்கங்க, கோழி கூவுதா ஆந்தை கூவுதான்னு பாக்காதிய.”

செல்வரதி சொன்னதையும், மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தையும், பழைய புத்தகக் கடையில் எடைக்கு வாங்கின ஒரு மருத்துவப் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு கம்ப்ரசர் ஓடுகிற சத்தத்தில் நானே கொஞ்சம் படித்தேன். எனக்குப் புரிந்தது சரியா என்று தெரியாது. மாத்திரை வயிற்றிலிருந்து நேராக ரத்தத்துக்குப் போவதில்லை, ஈரல் வழியாகப் போக வேண்டும், ஈரல் அதில் பெரும்பங்கைத் தின்றுவிட்டு மீதியைத்தான் விடுகிறது. “டோல்கேட் மாதிரிண்ணே” என்றாள் செல்வரதி. “மொத வண்டிய நிப்பாட்டி நல்லா வசூல் பண்ணிருவான். வண்டிக்கு மேல வண்டி வந்துச்சுன்னா அவனுக்கு ஆள் பத்தாது, பாதி சும்மா பூந்து போயிரும்.” அதனால் முதல் மாத்திரையில் ரத்தத்தில் சேருவது கொஞ்சம்தான், திரும்பத் திரும்பப் போட்டால்தான் சேருகிறது, கணக்குக்கு வர வேண்டியதைவிட அதிகமாகவே சேருகிறது. சேர்ந்தது அப்படியே நிற்பதும் இல்லை. போட்டதும் ஏறும், பிறகு பாதியாகும், அந்தப் பாதியும் பாதியாகும், அடுத்த மாத்திரை வந்து மறுபடி தூக்கும். படம் போட்டால் ரம்பப் பல் மாதிரி இருக்கிறது. முதல் பல் தரையிலிருந்து எழும்புகிறது, அடுத்தது கொஞ்சம் உயரத்திலிருந்து, அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம், பிறகு ஒரு கட்டத்தில் எல்லாப் பல்லும் ஒரே உயரம். உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாகிவிட்டது. இதைப் புத்தகத்தில் பார்த்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை, எங்கள் தொட்டி இதேதான். பாக்டரியை மூடித் திறந்தால் முதல் நாள் ஐஸ் உறையாது, நடுவில் வெள்ளைத் தண்ணீராக ஆடும், கம்ப்ரசர் பாட்டுக்கு ஓட வேண்டும், தொட்டி மெல்ல மெல்லக் குளிர்ந்து ஒரு நிலைக்கு வரும், வந்த பிறகு ஒரு வரிசை கேனை எடுத்து ஒரு வரிசை புதுத் தண்ணீர் இறக்கினாலும் கொஞ்சம் சூடேறி மறுபடி அதே இடத்தில் வந்து நிற்கும். ஒரு வாரத்தில் நானும் அந்த நிலைக்கு வந்துவிட்டேன். முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒருநாள், தண்ணீர் லாரிக்காரனோடு தெருவே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது, நான் குடத்தை வைத்துக்கொண்டு நிற்கிறேன், வழக்கமாக என் சத்தம்தான் முதலில் கேட்கும், அன்றைக்கு அந்த லாரிக்காரனின் காதில் முடி வளர்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் தட்டு பறப்பது நின்றது. உப்பு கூடினால் ‘உப்பு கூடியிருக்கு’ என்றேன், அவ்வளவுதான். ஜெசிந்தா முதலில் நம்பவில்லை, பிறகு மாதா கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். “இப்பத்தான் நீங்க மனுசனா இருக்கிய” என்றாள். நான்தான் யோசித்தேன், மனுசன் நானா, மாத்திரையா.

மெழுகுவர்த்தி ஏற்றியவள்தான் ஒருநாள், நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, எதிரில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். “ஏங்க, எனக்கு இங்கன ஒரு கட்டி தட்டுப்படுது. குளிக்கும்போது பாத்தேன்.” சோப்பு போடுகிற மாதிரியே கையை வைத்துக் காட்டினாள். நான் கேட்டேன். முழுதாகக் கேட்டேன். “சரி, டாக்டர்ட்ட காட்டுவோம்” என்றேன். சொல்லிவிட்டு, “ரசம் இருக்கா” என்றேன். நெஞ்சு ஒரு அடி தப்பவில்லை. அதை நான் கவனித்தேன், அடிக்கிறது, தொட்டியில் கம்ப்ரசர் அடிப்பது போல, டக், டக், யாருக்கோ என்னவோ என்று. அவள் ரசம் ஊற்றினாள். கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டு, “நீங்க அந்த மாத்திரைய போட்டுட்டு இருக்கும்போது நான் சொன்னது தப்பு” என்றாள், கோபமாகக்கூட இல்லை. அதிலிருந்து எனக்கு வேறு யோசனை இல்லை. மாத்திரை இல்லாமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருப்பேனா, அவளைத் திட்டியிருப்பேனா, ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று, திட்டியிருப்பேன், அது பயம், என் பயம் எப்போதும் திட்டாகத்தான் வெளியே வரும், அவளுக்கும் அது தெரியும். இப்போது திட்டும் இல்லை. பயம் இருந்து மாத்திரை அதை மூடியிருக்கிறதா, இல்லை மூடுவதற்கு உள்ளே ஒன்றுமே இல்லையா. ஒரு மனுசன் தன் பெண்டாட்டிக்காகப் பயப்படுகிறானா என்று அவனுக்கே எப்படித் தெரியும். நெஞ்சு அடித்தால் தெரியும். நெஞ்சை வாயடைத்துவிட்டால் எதை வைத்துத் தெரிந்துகொள்வது. இருபத்திரண்டு வருடக் குடித்தனம். பாதிநாள் நான் தூங்கும்போது அவள் விழித்திருந்தாள், அவள் தூங்கும்போது நான் விழித்திருந்தேன். மீதியில் பாதி சண்டை. அந்தச் சண்டையில்தான் எங்களுக்குள் ஏதோ இருந்தது என்று இப்போது தோன்றுகிறது, இதை யாரிடம் சொல்ல.

போன வாரம் பாக்டரியில் அமோனியா கேஸ் கசிந்தது. வேலை முடிகிற நேரம், லாரிகள் வந்து நிற்கின்றன, வால்வு கழுத்தில் ஒரு சீறல், பிறகு அந்த நாற்றம், கண்ணில் மிளகாயை அப்பின மாதிரி. எல்லோரும் ஓடினார்கள். முன்னெல்லாம் அமோனியா மூக்குக்கு வருமுன் என் நெஞ்சுக்கு வந்துவிடும், கால் தானாக வாசலைப் பார்க்கும், அப்புறம்தான் புத்தி. அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. நின்றேன். வெள்ளையாகப் புகை தரையோடு நகர்வதைப் பார்த்தேன், அழகாக இருந்தது என்றுகூட நினைத்தேன். பிறகு ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு, பலகைமேல் நடந்துபோய் வால்வைத் திருகி மூடினேன், வீட்டுக் குழாயை மூடுவது போல. வெளியே வந்ததும் சுடலைக்கண் இருமிக்கொண்டே கட்டிப்பிடித்தான். “நீரு மனுசனாவே? ஐஸ் கட்டிக்குப் பொறந்தவருல்லா!” முதலாளி முதுகில் தட்டினார். டீக்கடையில் அன்றைக்கு எனக்கு எல்லோரும் வடை வாங்கிக் கொடுத்தார்கள். நான் சிரித்தேன். சீறலுக்கும் நான் நடந்ததற்கும் நடுவில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. பயப்படாதவன் தைரியசாலி என்று நினைக்கிறார்கள். பயப்படாதவன் அலாரம் கழற்றின மெஷின். இன்றைக்கு ராத்திரி அதே பலகையில் நடக்க வேண்டும். போட்ட மாத்திரையை மறந்து இன்னொன்று போட்டுவிட்டால், நெஞ்சு ரொம்ப நிதானமாகி, தலை சுற்றி, தொட்டிக்குள் போக வேண்டியதுதான். போடாத மாத்திரையைப் போட்டதாக நினைத்துவிட்டால் நாய் அவிழ்ந்துவிடும். சாயங்கால மாத்திரைக்கு இன்னும் நேரம் இருக்கிறது. தட்டில் ஒன்று இருக்கிறது.

எழுந்து மேசைக்கு வந்துவிட்டேன். மாத்திரையை எடுத்து விரல் நுனியில் வைத்துப் பார்க்கிறேன், நடுவில் ஒரு கோடு, இவ்வளவு சின்னது, ஒரு ஆளின் குணத்தையே மாற்றிவிடுகிறது. கண் சொல்கிறது போட்டாய் என்று, தட்டு சாட்சி. நெஞ்சு சொல்கிறது போடவில்லை என்று. கண்ணை நம்புவதா நெஞ்சை நம்புவதா. ஒரு சோதனை செய்யலாம், மாத்திரை உள்ளே இருந்தால் எதை நினைத்தாலும் நெஞ்சு குதிக்காது, பயமான எதையாவது நினைத்துப் பார்ப்போம். அப்பா கடலுக்குப் போய் மூன்று நாள் வராமல் இருந்தது, அம்மா மணலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தது. நினைத்தேன். அப்படியே ஓடுகிறது, கூடவும் இல்லை குறையவும் இல்லை. அமோனியா டேங்க் வெடித்தால். வெடிக்கட்டும். நான் பலகையிலிருந்து விழுந்தால், உப்புத்தண்ணீர் வாய்க்குள் போனால், அந்தக் குளிரில் எத்தனை நேரம். ஒன்றுமில்லை. அப்படியென்றால் மாத்திரை உள்ளேதான் இருக்கிறது. பிறகு ஏன் ஓடுகிறது. வெயில். சரியான தூக்கம் இல்லை. காபி. ஜெசிந்தா ஏன் வரவில்லை. இப்போது கூடியது. இல்லை, எழுந்து நடந்ததால் கூடியது. உட்கார்கிறேன். போனை எடுத்து அடித்தேன், சுவிட்ச் ஆஃப் என்கிறாள் போனுக்குள் இருக்கிறவள், எவ்வளவு அமைதியான குரல், அவளும் மாத்திரை போடுவாளோ. ஆஸ்பத்திரிக்குள் அணைத்துவைக்கச் சொல்லியிருப்பார்கள். சார்ஜ் இல்லாமல் போயிருக்கும், ராத்திரி போட மறந்திருப்பாள். அந்த டாக்டர் எப்படிச் சொல்வார். பேப்பரைப் பார்த்துக்கொண்டே சொல்வாரா, முகத்தைப் பார்த்துச் சொல்வாரா. கூட யாரும் வரலியா என்று கேட்பார். கூட யாரும் வரலியாம்மா. அதற்கு அவள் என்ன சொல்வாள், அவருக்கு நைட் ட்யூட்டி என்பாள், என்னை விட்டுக்கொடுக்கமாட்டாள், செருப்பு மாட்டும்போது சுவரைப் பிடித்தாளே, ஒருநாளும் பிடிக்கமாட்டாள், ஒற்றைக்காலில் நின்றே மாட்டுவாள், இன்றைக்குப் பிடித்தாள், அப்போதே நான் சட்டையை எடுத்திருக்க வேண்டும். சட்டையை எடுத்திருக்க வேண்டும், அவ்வளவு சின்ன விஷயம். கை நடுங்குகிறது. மாத்திரை தட்டில் விழுந்து ஒருமுறை சுற்றிவிட்டு நிற்கிறது. இதோ பார், நடுங்குகிறது, மாத்திரை உள்ளே இருந்தால் கை நடுங்காது, அதற்கும் இதே மருந்தைத்தான் கொடுப்பார்கள் என்று புத்தகத்தில் இருந்தது. போட்டும் நடுங்கினால் என்ன அர்த்தம். மருந்து தோற்றுவிட்டது என்று அர்த்தமா. மருந்தை மீறி ஒன்று வருகிறது என்றா. வேர்க்கிறது. போய்ப் பார்க்கலாமா. பஸ்ஸில் அவள் இந்தப் பக்கம் வர, நான் அந்தப் பக்கம் போக. வாசலில் நிற்கலாம். வாசலில் நின்றால் மட்டும் என்ன. நிற்கிறேன். தெருவில் யாரும் இல்லை, மீன்காரர் பைக் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போகிறார், “கஸ்பாரண்ணே தூங்கலியா” என்று தலையை ஆட்டுகிறார், நானும் ஆட்டுகிறேன், முனையில் ஒரு நீலச் சேலை. அது வேறு நீலம். அப்புறம் அதே நீலம்.

மெதுவாகத்தான் வருகிறாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. “என்ன வெயில்ல நிக்கிய” என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள், செம்பில் தண்ணீர் எடுத்துக் குடித்தாள், சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள், கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். நான் நின்றுகொண்டிருந்தேன். “என்ன சொன்னாங்க” என்றேன், என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. “சொல்லுதேன். அதுக்கு முன்ன வேற ஒண்ணு சொல்லணும். ஏசக் கூடாது.” பையிலிருந்து மருந்துக்கடைக் கவரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “காலைல நீங்க கை கழுவப் போனியளே, அப்ப ஒங்க தட்டுல இருந்து ஒரு மாத்திரைய எடுத்து நான் போட்டுக்கிட்டேன்.” நான் திரும்பித் தட்டைப் பார்த்தேன். “பயமா இருந்துச்சு. நீங்க அதப் போட்டுட்டுத்தான இம்புட்டு அமைதியா இருக்கிய, நானும் அப்படி இருந்துட்டா டாக்டர் என்ன சொன்னாலும் கேட்டுட்டு வந்துரலாம்னு நெனச்சேன். நீங்க இன்னொண்ண போட்டுட்டுப் படுப்பிய, சாயங்காலத்துக்குத்தான் புதுசு வாங்கப் போறமேன்னு. ஆனா மாத்திரை ஒரு எழவும் கேக்கலங்க எனக்கு. பெஞ்சுல உக்காந்திருக்கேன், நெஞ்சு தட்டுற தட்டுல பக்கத்துல இருந்த பொம்பள எனக்குத் தண்ணி குடுக்கா. ஒங்களுக்கு மட்டும் எப்படித்தான் கேக்குதோ.” கிறுக்கி, ஒரு வார்த்தை கேட்காமல் அதைப் போடலாமா, உனக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்று சத்தமாகவே வந்துவிட்டது என் வாயிலிருந்து, பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும், பல மாதங்களுக்குப் பிறகு. அவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் குரலை இறக்கினேன். “மொத மாத்திரை கேக்காது. அத ஈரல் தின்னுரும். போடப்போடத்தான் ரத்தத்துல சேரும்.” “ஈரலா?” என்றாள். “பயந்தவ நானு, அமைதி ஈரலுக்கா? நல்ல மாத்திரை.” சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், தோள் குலுங்கியது, பிறகும் குலுங்கியது, அது சிரிப்பு இல்லை என்று எனக்குத் தெரிய கொஞ்ச நேரம் ஆனது.

பக்கத்தில் உட்கார்ந்தேன். “எடுக்கணுமாம்” என்றாள், தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டு. “மதுரைக்கு எழுதிக் குடுத்திருக்காங்க. சின்னதா இருக்கும்போதே பாத்துட்டியம்மா, அது நல்லதுதான்னாரு. அடுத்த வாரமே வரச் சொல்லிருக்கு. ஆபரேசனுக்கப்புறம் மருந்து ஏத்தணுமாம். கூட யாரும் வரலியாம்மான்னு கேட்டாரு.” அதற்கு என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. காலையில் நான் போடவில்லை. நேற்றுச் சாயங்காலம் போட்டதுதான் கடைசி, அது பாதியாகி, பாதியில் பாதியாகி, மத்தியானத்துக்குள் ரத்தத்தில் எதற்கும் ஆகாத அளவுக்கு வந்திருக்கும். அப்படியென்றால் இது முழுக்க என்னுடையது. அப்பாவையும் டேங்க் வெடிப்பதையும் நினைத்தும் அசையாமல் இருந்தது, சுவரைப் பிடித்த கையை நினைத்ததும் எகிறியது, எல்லாம் என்னுடையது. நெஞ்சு இப்போது சட்டைக்கு வெளியே தெரிகிற மாதிரி அடிக்கிறது. ஜெசிந்தா திரும்பிப் பார்த்து, கையை என் மார்பில் வைத்தாள். எடுத்துக்கொள்ளவில்லை. “ஏங்க, இப்படி அடிக்குது.” “ம்.” “பயமா இருக்கா?” அவள் முகத்தில், அழுத முகம்தான், அதில் லேசாக ஒன்று, சந்தோஷம் என்று சொல்ல முடியாது. “ஆமா” என்றேன். “ரொம்பவா?” “ஆமா.” “நீங்க காலைல போடலல்லா. எந்திரிங்க, மொதல்ல மாத்திரையப் போடுங்க. புது அட்டை வாங்கியாந்திருக்கேன்.” போட வேண்டும். நிறுத்தக் கூடாது, நாயை அவிழ்க்கக் கூடாது, மதுரைக்குப் போக வேண்டும், வராந்தாவில் நிற்க வேண்டும், அதற்கெல்லாம் மாத்திரை வேண்டும். “போடுதேன்” என்றேன். “கொஞ்சம் கழிச்சு. சுடலைக்கண்ணுக்குப் போன் பண்ணி இன்னைக்கு வரலன்னு சொல்லணும். அப்புறம் போடுதேன்.” சரி என்றாள், உடனே சொல்லவில்லை, ஒரு இடைவெளி விட்டுச் சொன்னாள். பிறகு எழுந்துபோய், எறும்பு வந்துரும் என்று தட்டில் இருந்த மாத்திரையின்மேல் தம்ளரைக் கவிழ்த்து வைத்தாள், திரும்பி வந்து உட்கார்ந்து, கையை எடுத்த இடத்திலேயே வைத்தாள்.